சாப்பிட்டீங்களா என்று கேட்ட பெட்டி

பசியோடுதான் லண்டனில் போய் இறங்கினேன். விமானத்தில் சாப்பாடு தரவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தள்ளுவண்டியோடு வந்த பணிப்பெண் குனிந்து, சிரித்து, "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டாள். நானும் சிரித்து, "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். வண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. எப்படியும் திரும்பி வருவாள், இன்னொரு தடவை கேட்பாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். மற்றவர்களின் எச்சில் தட்டுகளை எடுக்க வந்தாள்.

தப்பு என்னுடையதல்ல, என் வளர்ப்பினுடையது. திருநெல்வேலியில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: "ஏட்டி, ஒருத்தங்க வீட்டுக்குப் போனா, கேட்ட ஒடனே தட்டு முன்னால போய் உக்காந்துராத. சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. ரெண்டாந்தடவ கேட்டாலும் அதையே சொல்லு. மூணாந்தடவையும் கேட்டா, சரி கொஞ்சம் போல வைங்கன்னு சொல்லு." கேட்கிறவருக்கும் இது தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும். எங்கள் ஊரில் இதனால் யாரும் பட்டினி கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. கடல் தாண்டினால் இந்தச் சட்டம் செல்லாது என்பதை மட்டும் அம்மா சொல்லாமல் விட்டுவிட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் நடந்தது இது. அப்போது நான் சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். தெற்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளிடம் கேட்டு வாங்கும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி டாக்டர்களுக்குத் தருகிற துறை ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வரவழைத்து, ஆளுக்கொரு சின்ன ஆராய்ச்சியைக் கையில் கொடுத்துப் பழக்குவார்கள். அந்த வருஷம் அவர்களுக்குத் தமிழும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்டவர்கள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். கெட்டிக்காரர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்ததால் அதிர்ஷ்டம் என் தலையில் விழுந்தது.

தங்குவதற்கு டூட்டிங்கில் ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணன், யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். சண்டை முற்றியபோது கிளம்பி வந்து, இப்போது பெட்ரோல் நிலையமொன்றில் ஷிப்ட் பார்க்கிறார். மனைவி பத்மா அக்கா, தையல் வேலை. கதவைத் திறந்த உடனே அக்கா கேட்டார்: "வாங்கோ பிள்ளை. சாப்பிட்டியளோ?"

"ஆச்சுக்கா. ஃப்ளைட்ல குடுத்தாங்க."

"ஓம் ஓம், அவங்கள் தந்திருப்பாங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டில் குழாய்ப் புட்டை உடைத்து, அதன்மேல் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, ஓரத்தில் தேங்காய்ச் சம்பலும் வைத்து நீட்டினார். என் பதிலுக்கும் அவருடைய அகப்பைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. அந்தப் புட்டைச் சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கியது. சம்பல் உறைப்பு என்று அக்காவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. பளபளக்கும் கட்டடத்தில் கண்ணாடி அறை கிடைக்கும் என்று கனவு கண்டிருந்தேன். எங்கள் துறையோ, சலவைக்கூடத்துக்குப் பின்னால், சக்கரத்தைக் கழற்றிய லாரி மாதிரி நின்ற ஒரு தகரக் கொட்டகை. சலவை இயந்திரம் சுழலும்போதெல்லாம் மேஜை அதிரும், தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். பேராசிரியர் ஹார்ட்லி அதைப் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார். நல்ல மனிதர், ஒல்லியாக உயரமாக இருப்பார், யாரையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார்.

அவர் மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. "கோமதி, பிஸ்கட் எடுத்துக்கொள்கிறாயா?" என்று திறந்து நீட்டினார்.

"வேண்டாம் சார், இப்போதுதான் சாப்பிட்டேன்."

டப் என்று மூடிவிட்டார். அந்த மூடியின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இங்கே இருக்கப்போகிற பத்து வாரமும் இப்படியே போனால் எலும்பும் தோலுமாகத்தான் ஊர் போய்ச் சேருவேன் என்று பயந்துபோனேன். ஆனாலும் முதல் தடவையிலேயே "சரி" என்று சொல்ல வாய் வரவில்லை. மதியம் யாராவது சாண்ட்விச் நீட்டினாலும் வாய் தன்பாட்டுக்கு "வேண்டாம்" என்றுவிடும், வயிறு உள்ளே இருந்து திட்டும். அந்தச் சாண்ட்விச்சும் இரண்டு ஈர ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காயை ஒளித்து வைத்த பண்டம்தான். இருந்தாலும் பசிக்கு அது தெரியுமா?

என் ஆராய்ச்சி இது. சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு ஈழத்துத் தமிழர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஆங்கிலம் வராதவர்கள், மொழிபெயர்க்க மகனையோ மருமகளையோ வேலைக்கு லீவு போட வைத்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. அதனால் தமிழில் பேசும் ஒரு கம்ப்யூட்டரை வாசலில் வைத்துவிடுவது என்று பேராசிரியர் முடிவு செய்தார். கேள்விகள் என் குரலில் பதிவாகி இருக்கும். கேட்பவர் "ஆம்" என்றால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், "இல்லை" என்றால் சிவப்பு. பதில்கள் ஆங்கிலத்தில் அச்சாகி நர்ஸ் கைக்குப் போய்விடும்.

சலவைச் சத்தம் விழாத ஒரே இடம், துடைப்பங்கள் வைக்கும் அலமாரி. அதற்குள் நின்று, மைக்கைப் பிடித்து, செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பித்தேன்: "தாங்கள் இன்று காலை உணவு உட்கொண்டீர்களா?" பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய் பத்மா அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். தையல் மெஷினில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளை, இது ஆரோ செத்துப்போனதுக்கு ரேடியோவில அறிவிக்கிற மாதிரிக் கிடக்கு. வீட்டை வந்த ஆக்களைக் கேக்கிற மாதிரிக் கேள்."

அப்படியே செய்தேன். நல்ல இனிப்பான குரலில், "வணக்கம், வாங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தது என் பெட்டி. முதல் கேள்வியாக இதை வைக்கக் காரணம் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வர வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இந்த மாதிரி விஷயத்தில் நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று அன்றைக்கு எனக்கே ஒரு நினைப்பு.

செவ்வாய்க்கிழமை தோறும் அந்தப் பிரிவு நடக்கும். முதல் செவ்வாய் காலையில் நானும் மோரீனும் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். மோரீன் அந்தப் பிரிவின் நர்ஸ், அயர்லாந்துக்காரி, தோள்கள் இரண்டும் கதவை அடைக்கும். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்ததால் வழியில் இரண்டு சுவரையும் ஒரு டாக்டரையும் இடித்தோம்.

பெட்டிக்கு அமோக வரவேற்பு. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். ஒரு அம்மா, "மெல்லக் கதையும் பிள்ளை, விளங்கேல்லை" என்று அதற்குப் புத்தி சொன்னார். வேட்டி கட்டிய ஒருவர், "இந்தியாப் பிள்ளை போல கிடக்கு. எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். பெட்டி அதற்குள், கால் மரத்துப்போகிறதா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. "ஊரைக் கேட்டாக் காலைப் பற்றிச் சொல்லுது" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மத்தியானம் மோரீன் என்னிடம் வந்து நின்றார். வந்த தமிழர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகப் பெட்டி சொல்கிறதாம். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதில் சிவநேசன் அண்ணனும் ஒருவர். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகத் தாகமும் மயக்கமுமாக இருந்தது. அந்தப் பரிசோதனைக்காகத்தான் மல்லுக்கட்டி லீவு வாங்கியிருந்தார்.

பேராசிரியர் விஷயத்தைக் கேட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, "ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்ததும் மோரீன் என் முதுகில் தட்டி, "பெண்ணே, ஆங்கிலேயன் சுவாரஸ்யம் என்று சொன்னால் உன் கப்பல் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்று விளக்கினார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம், "ஏன் அண்ணே சாப்பிட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"ஆர் சாப்பிட்டது? பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. நேர்ஸ் அடுத்த கிழமை வரட்டாம் எண்டா, வந்திட்டன். ஆஸ்பத்திரி எண்டா அப்பிடித்தானே?"

அப்படியானால் கோளாறு பெட்டியில்தான். பச்சைக்குப் பதில் சிவப்பும் சிவப்புக்குப் பதில் பச்சையுமாக ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று கழற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. நிரலை வரி வரியாகப் படித்தேன். அதிலும் தப்பில்லை. நானே நூறு தடவை அமுக்கிப் பார்த்தேன், பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. கம்ப்யூட்டர் சரி, ஒயர் சரி, ஆனால் பதில் பொய். அந்த வாரம் முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

மனுஷ முயற்சி தோற்றால் முருகன். ஆர்ச்வே மேட்டில் முருகன் கோயில் இருக்கிறது, நார்த்தர்ன் லைன் பாதாள ரயிலில் ஏறினால் நேராகப் போய்விடலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, பட்டுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு ஏறினேன். நேராகப் போகலாம் என்றவர், அந்த லைன் நடுவில் இரண்டாகப் பிரியும் என்பதைச் சொல்லவில்லை. வண்டி பாதாளத்திலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்தபோது கோல்டர்ஸ் க்ரீன் என்று பலகை தெரிந்தது. மேடு இல்லை, கோயில் இல்லை, தாவணியும் நானும் மட்டும் நின்றோம். திரும்பிப் போய் கேம்டன் டவுனில் மாறி ஏறினால், அசதியில் கண்ணை மூடித் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது ஆர்ச்வேயைத் தாண்டியிருந்தேன்.

எதிர் இருக்கையில் இரண்டு கிழவிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை டோரிஸ். செத்துவிடுவேன் போலிருக்கிறது."

"எனக்கும்தான். நேற்று ராத்திரி கம்பளியே இல்லாமல் படுத்தேன்."

இருவரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த வெயிலுக்கு மார்கழி என்று பெயர். அவர்களிடம் திருநெல்வேலிச் சித்திரையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், வயதானவர்கள், அதிர்ச்சி ஆகாது என்று விட்டுவிட்டேன்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. முருகனிடம் பெட்டியை மட்டும் காப்பாற்று என்று அவசரமாக மனுப் போட்டுவிட்டு வந்தேன். கரண்டியோடு நின்ற ஒருவர், "சாப்பிடுங்கோவன்" என்றார். வாய் வழக்கம்போல, "ஆச்சுங்க" என்றது. "பரவாயில்லை, கொஞ்சம்." "இல்லங்க, வயிறு நிறைஞ்சிருக்கு." "அது கிடக்கட்டும், பிடியுங்கோ." இலை நிறையச் சோறும் சாம்பாரும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்து விழுந்தன. வெறும் வயிறு நிறைய நிறைய, லண்டனும் நல்ல ஊர்தான் என்று தோன்றியது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கத்தரிக்காய் ருசியில் மூளை வேலை செய்யவில்லை.

இரண்டாவது செவ்வாய் வந்தது. திங்கள்கிழமையே பேராசிரியர் சொல்லிவிட்டார்: இந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் பார்ப்பது, அதற்குள் சரியாகாவிட்டால் பெட்டி கிடங்குக்குப் போகும். என்னைப் பழைய எக்ஸ்ரே உறைகளை அடுக்கும் வேலைக்குப் போடுவார்கள். தமிழர்கள் பழையபடி மருமகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். ஊருக்குப் போய்த் தோழிகளிடம், லண்டனில் எக்ஸ்ரே உறை அடுக்கினேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அன்று காலை சிவநேசன் அண்ணனும் நானும் ஒன்றாகவே கிளம்பினோம். அவருக்கு இது இரண்டாவது லீவு, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். அவர் ஒரு பருக்கை உள்ளே தள்ளவில்லை என்பதற்கு நானே சாட்சி. பத்மா அக்கா எனக்கு இடியாப்பம் வைத்தபோது, மணம் மூக்கில் ஏறக்கூடாது என்று வாசலில் போய் நின்றவர் அவர். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் குரல் தேனாக, "வணக்கம், வாங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்றது. அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பெட்டியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பச்சையை அமுக்கினார்.

பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே! நீங்கதான் சாப்பிடவே இல்லையே! எதுக்குப் பச்சையை அமுக்கினீங்க?"

அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "இல்லைப் பிள்ளை, ஒரு பொம்பிளைப்பிள்ளை வாங்கோ எண்டு மரியாதையாக் கூப்பிட்டுச் சாப்பிட்டீங்களோ எண்டு கேக்குது. இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? பேந்து அதுக்கெல்லோ கரைச்சல். ஓடிப்போய் ஏதும் சமைக்க வெளிக்கிடும்."

"அது மெஷின் அண்ணே! அது எங்க போய்ச் சமைக்கும்?"

"மெஷின்தான், ஓம். ஆனால் குரல் உன்ர குரல்தானே. உன்னட்டை நான் பசிக்குது எண்டு சொல்ல ஏலுமோ?"

பின்னால் வரிசையில் இருந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லை, எல்லோரும் பட்டினி, எல்லோரும் பச்சை. செருப்பைக் கழற்றியவர், "முதல் கேக்கிற உடனை பசிக்குது எண்டு குந்தினா எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடல் தாண்டி வந்த எங்கள் அம்மாவின் சட்டம் என்னைப் பட்டினி போட்டது போதாதென்று, ஒரு ஆஸ்பத்திரியையே கவிழ்த்திருக்கிறது.

மோரீனிடம் ஓடினேன். இவர்கள் எல்லோரும் வெறும் வயிறுதான், இரத்தம் எடுங்கள் என்று கெஞ்சினேன். காகிதத்தில் சாப்பிட்டதாக அச்சாகிவிட்டது, இனி அதைத் திருத்தவும் முடியாது, இரத்தம் எடுக்கவும் முடியாது, விதி என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். "அடுத்த கிழமையும் லீவு கேட்டா வேலையை விட்டுப் போ எண்டுதான் சொல்லுவான்" என்று மட்டும் சொன்னார். அப்படியும் லீவு கேட்டார். கூட வேலை பார்க்கும் ஒருவருடைய ஷிப்டை இரவில் தான் பார்ப்பதாக ஒத்துக்கொண்டு வாங்கினார்.

இனி என்ன செய்வது? பெட்டி ஒரே ஒரு தடவை கேட்கிறது, அதுதான் கோளாறு. வெள்ளைக்காரப் புத்தி. அந்த வாரமே துடைப்ப அலமாரிக்குள் போய், மூன்று தடவை கேட்கிற மாதிரிப் புதிதாகப் பதிவு செய்தேன். பேராசிரியரிடம் சொன்னபோது, ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது ஆராய்ச்சி முறைக்கே விரோதம், பதில் சொல்பவரை நாம் தள்ளுவதாகிவிடும் என்று ஜன்னலிடம் சொன்னார். ஏதோ காகிதம் கொண்டுவந்த மோரீன் அங்கேயே நின்றுவிட்டார்.

"பேராசிரியரே, அயர்லாந்தில், கார்க் ஊரில் என் அம்மா வீட்டுக்கு வந்து பாருங்கள். வந்தவர்களைத் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். மறுபடியும் கேட்டால் ஐயோ வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்காமல் விட்டுப் பாருங்கள், ஏழு தலைமுறைக்கு அந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டார்கள். அந்தப் பெண் சொல்வது சரி. இது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை?"

நான் எழுந்து மோரீனைக் கட்டிக்கொண்டேன். கை பாதிதான் எட்டியது. பேராசிரியர் எங்கள் இருவரையும் பார்த்து, இந்த நாட்டில் தான் மட்டும்தான் முதல் கேள்விக்கு உண்மை சொல்கிறவர் போலிருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னார். கடைசிச் செவ்வாயைத் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

அந்தக் காலையில் எனக்கு இடியாப்பம் இறங்கவில்லை. பிரிவில் வழக்கமான கூட்டம். பேராசிரியர் ஓரத்தில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் சிவநேசன் அண்ணன். பெட்டி ஆரம்பித்தது.

"வணக்கம், வாங்க. காலையில சாப்பிட்டீங்களா?"

பச்சை.

"பரவாயில்ல, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. கூச்சப்படாம சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

அண்ணன் தலையைச் சாய்த்து, "ஐயோ, வயிறு நிறைஞ்சு போச்சு, காணும் பிள்ளை" என்று வாயாலும் சொல்லிவிட்டு, பச்சையை அமுக்கினார்.

"இங்க சாப்பாடு ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன். உண்மையைச் சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

கூடத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே, "பசி உயிர் போகுது" என்று சொல்லி, சிவப்பை ஒரு குத்துக் குத்தினார். மோரீன் காகிதத்தைக் கிழித்தெடுத்து, கொடிபோல ஆட்டிக்கொண்டு, அவரைக் கையோடு இரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு வரிசையாகப் பச்சை, பச்சை, சிவப்பு. செருப்பைக் கழற்றியவர் பச்சை, பச்சை, சிவப்பு. மெல்லப் பேசச் சொன்ன அம்மாவும் அப்படியே, ஆனால் மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "வாய்க்கொழுப்பைப் பார்" என்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வேட்டிக்காரர் மட்டும் பச்சை, பச்சை, பச்சை. பேராசிரியர் பதறி எழுந்தார். நான் போய்க் கேட்டபோது வேட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, வரும் வழியில் டூட்டிங் கடையில் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டதை ஒப்புக்கொண்டார். பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. பொய்யான பச்சையையும் நிஜமான பச்சையையும் பெட்டி பிரித்துக் காட்டிவிட்டது அல்லவா.

"ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார்.

நான் கலவரத்தோடு மோரீனைப் பார்த்தேன். "இந்தத் தடவை நிஜமாகவே சுவாரஸ்யம்தான். பார், உன்னை நேராகப் பார்த்துச் சொல்கிறார்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில், சலவைக்கூடத்துப் பெண்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினேன். அவர்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது உறுதியாயிற்று. நல்ல வேளை, இப்போதாவது பிடித்தோம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. "உன்ர பெட்டி என்ர சீனியைக் கொண்டுபோட்டுது" என்று அண்ணன் தினமும் காலையில் என்னைப் பார்த்து ஒரு பாட்டம் புலம்புவார். ஆனால் மயக்கம் வருவது நின்றுவிட்டது. பத்மா அக்கா அவருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி சீனி போட்டுத் தருவார்.

கிளம்பும் வாரத்தில் விடைபெறப் பேராசிரியர் அறைக்குப் போனேன். டப்பாவைத் திறந்து, "பிஸ்கட் எடுத்துக்கொள்கிறாயா?" என்றார். இத்தனை வாரத்தில் நானும் பட்டுத் திருந்தியிருந்தேன். "நன்றி சார்" என்று உடனே எடுத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று. படித்த பாடத்தை வீணாக்க மனமில்லாமல், "நிச்சயமாகவா? இன்னொன்று?" என்றார். எடுத்தேன். "கூச்சப்படாதே" என்று மூன்றாவது தடவையும் நீட்டினார். அதையும் எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் திருப்தி.

விமான நிலையத்துக்கு அண்ணனும் அக்காவும் வந்தார்கள். காலையில் பெட்டி கட்டுவதும், அறையைத் துடைப்பதும், ஓடி ஓடி எதையோ மறப்பதுமாக இருந்ததில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே போகிற வரிசைக்கு முன்னால் நின்று மூன்று பேரும் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"பிள்ளை, சாப்பிட்டியோ?"

"ஆச்சு அண்ணே."

"சும்மா சொல்லு. சாப்பிட்டியோ?"

"நிறையச் சாப்பிட்டேன் அண்ணே, நிஜமா."

அண்ணன் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, என் குரலில், என் திருநெல்வேலி இழுவையோடு, வருகிறவர் போகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டார்: "இங்க சாப்பாடு ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் தரமாட்டேன். உண்மையைச் சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

"இல்ல அண்ணே" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பசிக்குது."

அவர் பின்னால் இருந்த கையை முன்னால் நீட்டினார். புட்டுப் பொட்டலம் இன்னும் சுடச்சுட இருந்தது.